பந்தைப் பிடிக்கப் பழகும் கைகள்

ஒரு பந்து நம்மை நோக்கி வருகிறது. அதன் வேகத்தைக் கண் அளக்கிறது. அது வந்து சேரும் இடத்தை மூளை முன்கூட்டியே கணிக்கிறது. கைகள் உரிய நேரத்தில் நீள்கின்றன. உடல் சாய்ந்துவிடாமல் கால்கள் தாங்குகின்றன. நமக்கு நொடிப்பொழுதில் நிகழ்ந்துவிடும் இச்செயல், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு நீண்ட பயிற்சியினாலேயே கைகூடுகிறது.

மதியிறுக்கம் என்றும் வழங்கப்பெறும் ஆட்டிசத்தைப் பேச்சும் பழகுமுறையும் சார்ந்த ஒன்றாகவே நாம் பெரும்பாலும் எண்ணிவருகிறோம். ஆயினும், மருத்துவர் லியோ கானர் 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்வுரையிலேயே, அவர்களுள் சிலரது நடையில் தடுமாற்றம் இருந்ததைக் குறிப்பிட்டுள்ளார். மறு ஆண்டில் வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் இத்தகைய தடுமாற்றத்தைப் பதிவு செய்தார். உடலியக்கம் பற்றிய இச்செய்தி நெடுங்காலம் உரிய கவனம் பெறவில்லை.

இருவகை இயக்கங்கள்

ஓடுதல், தாவுதல், படியேறுதல் ஆகியவை பெருந்தசை இயக்கங்கள். பொத்தான் இடுதல், சோற்றைப் பிசைந்து உண்ணுதல், எழுதுகோல் பிடித்தல் ஆகியவை நுண்தசை இயக்கங்கள். பதினெட்டு வயது நிறைந்தவர் வங்கிப் படிவத்தில் இடும் கையெழுத்தும் நுண்தசை இயக்கமே. கையெழுத்து நிலைபெறாதவர்க்குக் கைந்நாட்டு வசதி உண்டு. எனினும், தம் பெயரைத் தாமே எழுதும் திறன் ஒருவருக்குத் தரும் தன்மதிப்பு தனியானது. அத்திறனுக்கு விரல்கள் மட்டும் போதா. நிமிர்ந்து அமர உதவும் முதுகின் வலிமையும் தோளின் உறுதியும் வேண்டும். அவை மைதானத்திலும் வளர்கின்றன.

மைதானத்தில்தான் இக்குழந்தைகள் பலர் விடுபட்டுப் போகின்றனர். விளையாட்டின் விதிகள் விரைந்து மாறுவதும், கூச்சலும், விசில் ஒலியும் அவர்களைத் திகைக்கச் செய்கின்றன. “இவன் ஓரமாக உட்காரட்டும்” என்று இரக்கத்தோடு சொல்லப்படும் சொல்லே பயிற்சியைப் பறித்துவிடுகிறது. பயிற்சி குறையக் குறையத் திறன் பின்தங்குகிறது. திறன் பின்தங்கவே அடுத்த ஆட்டத்திற்கும் அழைப்பு வருவதில்லை. இந்தச் சுழலை உடைப்பது பெரியவர்களின் கடமை.

கற்பிக்கும் முறை

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள், மாற்றுத்திறன் கொண்ட 5 முதல் 17 வயதுக் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கத்தையே பரிந்துரைக்கின்றன. அதை ஒரே தவணையில் நிறைவு செய்யவேண்டியதில்லை. பத்து நிமிடங்களில் தொடங்கிச் சிறுகச் சிறுக உயர்த்தலாம்.

வாய்மொழிக் கட்டளையைவிடக் கண்முன் செய்து காட்டுவதும் படங்களும் பெரிதும் உதவும். “முதலில் நடை, பிறகு ஊஞ்சல்” என்று வரிசையைப் படமாகச் சுவரில் ஒட்டிவைத்தால், அடுத்து என்ன என்னும் பதற்றம் தணியும். பந்துக்கு முன் பலூனைக் கொடுங்கள். அது மெல்ல இறங்குவதால் கைகளுக்கு அவகாசம் கிடைக்கும். சட்டை அணிகையில் பொத்தானை முக்கால் பங்கு நீங்களே நுழைத்துவிட்டு, இறுதியாக இழுப்பதை மட்டும் குழந்தைக்கு விடுங்கள். வெற்றியில் முடியும் செயலை மறுநாளும் செய்ய மனம் விழையும். தரையில் கோலப்பொடியால் கோடிட்டு அதன்மேல் நடத்தல், மாவு பிசைதல், தண்ணீர்க் குடம் தூக்குதல் ஆகியவையும் செலவில்லாத நற்பயிற்சிகள்.

கடலைக் கடந்த கரங்கள்

இளம் வயதிலேயே ஆட்டிசம் கண்டறியப்பட்ட மும்பையின் ஜியா ராய், மருத்துவ ஆலோசனையின்பேரில் நீச்சல் பழகத் தொடங்கியவர். தமது 13ஆம் வயதில், 2022 மார்ச் 20 அன்று, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் பாக் நீரிணையை 13 மணி 10 நிமிடங்களில் நீந்திக் கடந்தார். 2024 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார்.

எல்லாக் குழந்தைகளும் கடல் கடக்கவேண்டியதில்லை. ஆயினும் நீச்சல் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பும்கூட. வீட்டைவிட்டுத் தனியே வெளியேறிச் செல்லும் இயல்பும் நீர்நிலைகள்மீதான ஈர்ப்பும் இக்குழந்தைகள் சிலரிடம் காணப்படுவதால், நீரில் மூழ்கும் இடர் அவர்களுக்கு மிகுதி. வலிப்பு நோய் உள்ள குழந்தையை நீரில் இறக்குமுன் மருத்துவரின் ஒப்புதல் கட்டாயம் தேவை. நீச்சல் தெரிந்தபின்னும் கண்காணிப்பு வேண்டும்.

செலவும் துணையும்

இயன்முறைப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் தொடர் செலவாகும். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ நலக் காப்பீட்டுத் திட்டம், ஆட்டிசம் உள்ளிட்ட நிலைகளுக்கு ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. தெரபிச் செலவுகளும் உரிய வரம்புக்குள் இதில் அடங்கும். மாற்றுத்திறனாளிச் சான்றினைக் காலத்தே பெற்றுவைப்பது நலம்.

உடற்பயிற்சி ஆட்டிசத்தை நீக்கும் மருந்தன்று; அவ்வாறு உறுதி கூறுவோரிடம் பணத்தைச் செலுத்திவிடாதீர்கள். நல்ல உறக்கமும், உறுதியான உடலும், தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் திறனுமே அது தரக்கூடிய பயன்கள். சிறு தொகையை நாள்தோறும் சேமித்து வருவோர் அறிந்த உண்மைதான் இங்கும் பொருந்துகிறது: தொகையின் அளவைவிடத் தவறாமையே பெரிது. இன்று மாலையே பத்து நிமிடங்களை ஒதுக்குங்கள்.