குதிரை முதுகில் பிறந்த சர்க்கஸ்! சவாலில் ஜெயித்த விஷ்ணுபந்த் சத்ரே

சைதாப்பேட்டையில் எலெக்ட்ரிக் ரெயில் ஏறி அடுத்த ஸ்டேஷன் கிண்டியில் இறங்குகிறவர்களுக்குக் குதிரை ஒன்றும் புதிதல்ல. 1777-ல் ஆரம்பித்த ரேஸ் மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அரசு அங்கே சீல் வைத்தபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. விவகாரம் கோர்ட்டுக்கும் போனது.

எந்தக் குதிரை ஜெயித்தது, எந்த ஜாக்கி ஓட்டினார், முதலாளி யார்... இதெல்லாம் பஜார் ரோடில் சிலருக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் குதிரைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தலையைச் சொறிவார்கள்! குதிரை வாத்தியார் பிழைப்பே அப்படித்தான்.

அப்படி மறந்துபோன குதிரை வாத்தியார் ஒருவர்தான் இந்தியாவின் முதல் சர்க்கஸ் கம்பெனியை ஆரம்பித்தவர் என்றால் நம்புவீர்களா? பெயர் விஷ்ணுபந்த் சத்ரே. மராட்டியக்காரர்.

பாட்டா, குதிரையா?

சத்ரேக்கு இளம் வயதில் இரண்டு பைத்தியம். ஒன்று பாட்டு, இன்னொன்று குதிரை. இரண்டையும் கற்றுக்கொள்ள குவாலியருக்குப் போனார். பாட்டுக்கு குரு ஹத்து கான். அந்தக் காலத்து இந்துஸ்தானி சங்கீதத்தில் அவர் பெரிய ஆள். குதிரை வித்தையையும் அந்த ஊரிலேயே பழகினார். கடைசியில் சோறு போட்டது குதிரைதான். மராட்டிய சமஸ்தான ராஜா ஒருவரின் லாயத்தில் சத்ரேக்கு வேலை. குதிரைகளைப் பழக்குவது, சவாரி சொல்லிக் கொடுப்பது.

அப்போதுதான் வந்து சேர்ந்தார் இத்தாலிக்காரர் கியாரினி.

உலகம் முழுக்க சர்க்கஸ் காட்டிச் சம்பாதித்த மனிதர் அவர். பம்பாயில் கூடாரம் போட்டார். கூட்டமோ கூட்டம்! ராஜாவோடு சத்ரேயும் போய்ப் பார்த்தார். ஓடுகிற குதிரையின் முதுகில் வெள்ளைக்காரர்கள் நின்றுகொண்டே வருவதைப் பார்த்துக் கைதட்டல் கூடாரத்தைப் பிளந்தது.

கை தட்டியவர்களைப் பார்த்துத்தான் கியாரினி அந்த வார்த்தையைச் சொன்னாராம். இந்தியாவில் சர்க்கஸ் என்று ஒன்று கிடையாது, அது வருவதற்கு இன்னும் ரொம்ப காலம் ஆகும் என்று! அதோடு விடவில்லை. ஆறு மாதத்துக்குள் இந்த மாதிரி குதிரை மேல் நின்று காட்டுகிறவனுக்கு ஆயிரம் ரூபாயும் ஒரு குதிரையும் தருகிறேன் என்று பந்தயமும் கட்டினாராம்.

இந்தக் கதையை ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி சொல்கிறார்கள். ரூபாய் மாறும், நாள் கணக்கு மாறும். ஆனால் சத்ரே சவாலை ஏற்றார், சில மாதத்துக்குள்ளேயே செய்து காட்டினார் என்பதில் யாருக்கும் மாற்றுப் பேச்சில்லை. 1880-ல் சத்ரேயின் 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' ஆட்டம் தொடங்கிவிட்டது. 'ரொம்ப காலம்' ஆகும் என்றாரே, அதுக்குள்ளே!

42 அடி ரகசியம்

குதிரை முதுகில் நிற்பது என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பாருங்கள், தெரியும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நேராக ஓடும் குதிரையில் நிற்பதைவிட வட்டமாக ஓடும் குதிரையில் நிற்பது சுலபம். குதிரை உள்பக்கம் லேசாகச் சாயும். மேலே நிற்பவரும் கூடவே சாய்வார். வட்டத்தின் வேகம் அவரை வெளியே தள்ளப் பார்க்க, இரண்டும் சரிக்குச் சரியாகி ஆள் விழாமல் நிற்கிறார். லண்டனில் 1768-ல் வட்டத்துக்குள் குதிரை வித்தை காட்ட ஆரம்பித்த பிலிப் ஆஸ்ட்லி, பல அளவு போட்டுப் பார்த்து 42 அடி குறுக்களவுதான் சரி என்று முடிவு கட்டினார். அவரும் பட்டாளத்தில் குதிரை பழக்கியவர்தான். இன்றைக்கும் உலகத்தில் சர்க்கஸ் வளையம் என்றால் அதுதான் அளவு. கோமாளி குட்டிக்கரணம் போடுவதும் குதிரைக்காக வகுத்த அந்த வட்டத்துக்குள்ளேதான்!

வாத்தியாருக்கு நடுமையத்தில் இடம். கையில் நீளச் சாட்டை. அது அடிக்க அல்ல. இந்தப் பக்கம் வா, வேகத்தைக் குறை, நில் என்று காட்டுகிற குச்சி மாதிரி. குதிரை ஒரே சீராக ஓட வேண்டும். ஒரு தப்படி கூடினாலும் குறைந்தாலும் மேலே நிற்பவர் கதி அதோகதி. குதிரையின் நடை கெடாமல் இருக்க நாள் தவறாமல் அதே நேரம், அதே வட்டம், அதே குரல். ஒழுங்காகச் செய்தால் தின்பதற்கு ஏதாவது இனிப்பு. அந்தப் பொறுமை இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு வர முடியாது.

சத்ரேயின் மனைவியும் கம்பெனியில் இறங்கினார். பெண்கள் வீட்டு வாசலுக்கு வந்தாலே ஊர் பேசிய அந்தக் காலத்தில் அந்த அம்மாள் உயரத்தில் ஊஞ்சல் வித்தை காட்டினார். மிருகங்களையும் பழக்கினார். அவருக்காகத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

தலச்சேரிக்கு வந்த கூடாரம்

ஊர் ஊராகப் போன சத்ரே, சிலோன் வரைக்கும் கூடாரத்தைக் கொண்டு போனார். 1880-களின் கடைசியில் தலச்சேரிக்கும் வந்தார். அப்போது தலச்சேரி நம்ம மெட்ராஸ் ராஜதானியைச் சேர்ந்த மலபார் ஜில்லா. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்று ஒரு களரி ஆசான். உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர். வந்தவர் குதிரைக்கு வாத்தியார், இருந்தவர் ஆளுக்கு வாத்தியார். பார்த்ததும் பிடித்துப் போனது! சர்க்கஸுக்கு ஆள் தயார் செய்யும் வேலையைக் கீலேரி ஏற்றுக்கொண்டார். 1901-ல் சிறக்கரையில் சர்க்கஸ் பள்ளிக்கூடமே திறந்துவிட்டார். பிற்காலத்தில் இந்தியாவைச் சுற்றிய பெரிய சர்க்கஸ் கம்பெனிகளில் பலதுக்கும் வேர் அங்கேதான்.

1951-ல் ஜெமினி சர்க்கஸை ஆரம்பித்து, 2023-ல் காலமான எம்.வி.சங்கரனும் சின்ன வயதில் கீலேரியிடம் பழகியவர்தான். (ஜெமினி என்றதும் நம்ம ஜெமினி ஸ்டுடியோ என்று நினைக்காதீர்கள். இது ராசிப் பெயர்.) ஆனால் அந்த ஸ்டுடியோவுக்கும் சர்க்கஸுக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. வாசன் 1948-ல் எடுத்த 'சந்திரலேகா'வில் சர்க்கஸ் காட்சிகளுக்குக் கமலா சர்க்கஸ், பரசுராம் லயன் சர்க்கஸ் என்று இரண்டு கம்பெனியை வரவழைத்தார்கள்.

1998-ல் மத்திய அரசு புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஐந்தையும் வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2001-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது சரி என்றது. அந்த ஐந்தில் குதிரை இல்லை.

தெருவில் கிடைத்த பாட்டுக்காரர்

பாட்டை சத்ரே மறக்கவில்லை. குரு ஹத்து கானின் மகன் ரகமத் கான். அபாரமான குரல். ஆனால் அப்பா போனபிறகு அபின் பழக்கத்தில் விழுந்து, மனசும் கலங்கி, தெருவில் அலைந்து கொண்டிருந்தார். அப்படி இருந்தவரைக் கண்டுபிடித்துத் தன்னோடு அழைத்துக்கொண்டார் சத்ரே. சாப்பாடு போட்டு, துணி கொடுத்து, கூடவே வைத்துக்கொண்டார். பழக்கிய குதிரைகளும் தூங்கும் புலிகளும் இருந்த கம்பெனியில் ஒரு மகா பாடகர்! சர்க்கஸ் கூடாரத்திலும் பாடினார். கலங்கியவரிடம் அவசரப்படாமல் பழகுவது எப்படி என்று குதிரை வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும்தானே?

கம்பெனியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு சத்ரே ஒதுங்கினார். அவர் போன பிறகும் ரகமத் கான் இருந்தார், 1922 வரைக்கும். கடைசிக் காலத்தில் பாடியது கிராமபோன் தட்டில் ஏறிவிட்டதால், அந்தக் குரலை இன்றும் கேட்கலாம்.

வளையத்தின் நடுவில் நின்று சத்ரே குதிரையிடம் பேசிய பேச்சைத்தான் எந்தத் தட்டும் பிடிக்கவில்லை.