எட்டாம் வகுப்பு முடிந்த பிறகு

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாதத்தோடு நமது கிராமங்களிலுள்ள நடுநிலைப் பள்ளிகள் ஒரு கூட்டம் பிள்ளைகளுக்கு விடை கொடுத்து அனுப்புகின்றன. எட்டு வருஷ காலம் ஒரே கட்டடத்தில், தங்கள் குலம் கோத்திரம் எல்லாம் அறிந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள், ஜூன் மாதத்தில் வேறோர் ஊரிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் வாசலில் போய் நிற்க வேண்டும். எல்லோரும் போய் நிற்பதில்லை. போனவர்களிலும் எல்லோரும் நிலைத்து நிற்பதில்லை. இந்த இரண்டு மாத இடைவெளியில் குடும்பங்களுக்குள் நடக்கும் யோசனையே அநேகம் பிள்ளைகளின் ஆயுளைத் தீர்மானித்து விடுகிறது. அந்த யோசனையில் அக்குடும்பங்களுக்குத் துணை நிற்பவர் யார் என்பதே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

சட்டம் துணை நிற்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோகலே 1911-ல் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவை இம்பீரியல் சட்டசபையில் கொண்டுவந்தார். மறுவருஷமே அது தோற்கடிக்கப்பட்டது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனம், 10 வருஷங்களுக்குள் 14 வயது வரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டுமென்று பணித்தது. அதற்கான சட்டம் 2009-ல் தான் பிறந்தது. 2010 ஏப்ரல் 1-ல் அமலாயிற்று. கோகலேயின் மசோதாவிலிருந்து எண்ணினால் 98 வருஷங்கள்! இவ்வளவு காத்திருந்து கிடைத்த உரிமையும் 6 வயது முதல் 14 வயது வரைதான். எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாம் வகுப்பில் இடம் கேட்பது சட்டப்படி உரிமையல்ல, சர்க்காரின் சலுகையாகவே நிற்கிறது.

இன்னொரு சட்டத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு 2016-ல் செய்த திருத்தப்படி, 14 வயது நிரம்பாதவரைக் கூலிவேலைக்கு அமர்த்துவது குற்றம். 14 முதல் 18 வரையுள்ளவர்களுக்கோ, அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடை. அதாவது, பள்ளிக்கூடத்தின் கதவு எந்த வயதில் உறுதியற்றதாகிறதோ, அதே வயதில் பட்டறையின் கதவு திறந்துகொள்கிறது. "எட்டு வரையில் படித்தது போதும், எழுதப் படிக்கத் தெரிகிறது, மாமன் கடையில் விட்டால் நாலு காசாவது வரும்" என்று ஒரு தகப்பனார் சொல்கிறார் என்றால், அவர் நெஞ்சில் ஈரமற்றவர் அல்லர். சட்டம் கோடு போட்ட இடத்தில்தான் அவரும் கோடு போடுகிறார்.

அவருடைய கணக்கையும் சற்று அனுதாபத்தோடு பார்ப்போம். தமிழ்நாட்டில் பிள்ளைகளின் படிப்புக்குச் சர்க்கார் செய்யும் உதவி குறைவானதன்று. காமராஜ் காலத்தில், 1956-ல் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் சத்துணவாக விரிந்து, இன்று பத்தாம் வகுப்பு வரை உண்டு. பாடப் புத்தகம் இலவசம். ஆயினும் வேறு சில உதவிகள் சரியாக இந்த இடத்தில் அறுந்து போகின்றன. இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்று விடுகிறது. இலவச சைக்கிளோ பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கிறது. ஆக, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சீருடைக்கு வயது கடந்தவன். சைக்கிளுக்கு வயது போதாதவன். பள்ளிக்கூடம் தூரமாகிப் போன அதே வருஷத்தில்தான் அவனுக்குச் சைக்கிள் இல்லை. இரண்டு செட் உடுப்புக்கென்று ஜூன் முதல் வாரத்தில் வரும் செலவு, கூலிக்காரர் வீட்டில் சிறிய தொகையன்று. மார்ச் மாதத்திலிருந்தே சிறுகச் சிறுக எடுத்து வைத்தாலன்றி அது கடனில்தான் முடியும்.

தூரத்தைப் பற்றியும் பேச வேண்டும். நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள், உயர்நிலைப் பள்ளி 5 கிலோமீட்டருக்குள் என்பது நாட்டின் கல்வித் திட்டங்கள் வகுத்துக்கொண்ட அளவு. காகிதத்தில் 2 கிலோமீட்டர்தான் வித்தியாசம். பஸ் இரண்டு வேளைதான் வரும் ஊரில், அந்த 2 கிலோமீட்டர் ஒரு பெண் குழந்தையின் படிப்பையே விழுங்கிவிடும். சர்க்கார் பஸ்ஸில் மாணவர்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. ஆனால் மாலையில் தனிப்பாட வகுப்பு முடிந்து வெளியே வரும் நேரத்திற்கு அந்த பஸ் இருக்கிறதா என்பதே தாயார் கேட்கும் கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் "பெண்ணைப் படிக்க வையுங்கள்" என்று மேடையில் முழங்குவதில் பிரயோஜனமில்லை. பள்ளி திறப்பதற்கு முன் தகப்பனார் ஒருநாள் மகளோடு அந்த வழியே போய் வருவது நலம்: பஸ் எங்கே நிற்கிறது, இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், பள்ளியில் பெண்களுக்குக் கழிப்பிட வசதி சரியாக இருக்கிறதா, உடம்புக்கு முடியாத நாளில் எந்த ஆசிரியையிடம் சொல்லலாம் என்பவற்றை நேரிலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரே ஊரிலிருந்து நாலைந்து பெண்கள் சேர்ந்து போவதானால் வீட்டாரின் அச்சம் பாதியாகும். பஸ்ஸே இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் விடுதிகள் இருக்கின்றன; அவற்றில் இடம் கேட்கவும் பள்ளி திறப்பதற்கு முன்னதாகவே முனைய வேண்டும்.

இனி, பள்ளிக்கூடத்தின் உள்ளே நடப்பது. நமது பாட்டனார் காலத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு 'நான்காம் பாரம்' என்று பெயர். கிராமத்து ஆதாரப் பள்ளியில் எட்டாவது முடித்தவன், பட்டணத்துப் பள்ளியில் முதல் பாரம் முதலே படித்து வந்த பையன்களின் நடுவே நான்காம் பாரத்தில் போய் உட்கார்ந்து விழித்த கதையை எத்தனையோ பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாரமும் போயிற்று, 1978-ல் பதினோரு வருஷப் படிப்பும் போயிற்று. அந்த விழிப்பு மட்டும் போகவில்லை. இன்றும் உயர்நிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒன்றாயிருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே, புதிதாய் வந்தவன் கடைசி பெஞ்சில் தான் இடம் தேடுகிறான். கணக்கில் முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல் என்று இதுவரை கேட்டறியாத பகுதிகள் வருகின்றன. பின்னமும் எளிய சமன்பாடும் பிடிபடாமல் வந்தவனுக்கு அவை காட்டு வழியாகவே தோன்றும்.

எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் எவரையும் தேர்ச்சியில்லை என்று நிறுத்தி வைப்பதில்லை. 2019-ல் ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு வைக்க உத்தரவு பிறந்ததும், ஜனங்களின் எதிர்ப்பால் 2020 பிப்ரவரியில் அது ரத்தானதும் நேயர்கள் அறிந்ததே. ரத்தானது நியாயமே என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்பில்தான் முதன்முதலாக ஒரு பிள்ளையை நிறுத்தி வைக்க முடியும். அடுத்த வருஷமே பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. எட்டு வருஷம் தங்குதடையின்றி ஏறி வந்தவன் ஒன்பதாவதில் விழுந்தால், எழுந்து திரும்பப் படிப்பவர் சிலர். வெட்கத்தால் வேலைக்குப் போய்விடுபவர் பலர். ஆகவே கோடை விடுமுறையின் இரண்டு மாதங்களில் தினம் ஒரு மணி நேரம் வாய்ப்பாடு, பின்னம், தமிழிலும் ஆங்கிலத்திலும் வாய்விட்டு வாசித்தல் என்ற மூன்றை மட்டும் பழக்கினாலே போதும். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே திணிக்க வேண்டியதில்லை. அஸ்திவாரம் ஆடாமலிருந்தால் சரி.

உதவித்தொகை விஷயத்தில் நமது ஜனங்களின் அசட்டை மிகவும் வருந்தத்தக்கது. எட்டாம் வகுப்பில் படிக்கும்போதே எழுத வேண்டிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிப்பவர்களுக்கு உரியது. பெற்றோரின் வருஷ வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. தேறியவருக்கு ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருஷத்திற்கு 48,000 ரூபாய். தேசம் முழுவதிலும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேருக்கு இது ஒதுக்கப்பட்டிருக்கிறது. பட்டறையில் கிடைக்கும் முதல் கூலியோடு போட்டி போடக்கூடிய தொகை இது ஒன்றே. தேர்வில் தேறிய பிறகும், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்யாமலும், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாமலும் வாய்ப்பை இழப்பவர் உண்டு. எட்டில் தவறியவருக்கு ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. தொகை சிறிதானாலும் ஊக்கம் பெரிது.

காகிதங்களின் விஷயமும் அற்பமன்று. மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய ஐந்தையும் மே மாதத்திலேயே ஓர் உறையில் போட்டு வைத்துவிட வேண்டும். பெயரும், தலைப்பெழுத்தும், பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்க்க இதுவே தக்க சமயம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிழை, பிறகு உத்தியோகம் வரையில் துரத்திக்கொண்டு வரும்.

கையில் கொஞ்சம் காசுள்ள குடும்பங்கள் இந்தச் சமயத்தில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற யோசிக்கின்றன. மாற்றுவது அவரவர் இஷ்டம். இழப்பதை அறிந்து மாற்றட்டும். மருத்துவப் படிப்பில் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் ஏற்பட்ட 7.5 சதவிகித ஒதுக்கீடும், 2021-ல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கு ஏற்பட்ட அதே ஒதுக்கீடும் ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியவை. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களும், அதாவது பெண்களுக்கு 2022-ல் வந்த புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் ஆகியவையும், இடையில் தனியார் பள்ளிக்குச் சென்றவர்களுக்கு இல்லை. ஒன்பதில் அவசரப்பட்டு எடுத்த முடிவின் விலை பன்னிரண்டில்தான் தெரியவரும்.

வீட்டில் செய்ய வேண்டியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய் தகப்பன் படித்திராவிட்டால் பிள்ளைக்கு உதவ முடியாது என்று எண்ணுவது பிசகு. மாலையில் ஒரு மணி நேரம் விளக்கடியில் ஓர் இடம், அந்த நேரத்தில் வேலை ஏவாமலும் தொலைக்காட்சி அலறாமலும் இருத்தல், "இன்று என்ன நடத்தினார்கள்?" என்று கேட்டு, புரியாவிட்டாலும் காது கொடுத்தல். இவற்றுக்குப் படிப்பு வேண்டியதில்லை. பதினான்கு வயது குரலும் குணமும் மாறும் பருவம். முதல் பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததற்காக அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இகழும் தகப்பனார், தம் கையாலேயே மகனைப் பள்ளியிலிருந்து வெளியே தள்ளுகிறார். முதல் மூன்று மாதம் பொறுமை வேண்டும்.

இதெல்லாம் ஆசிரியர்களின் வேலையல்லவா, சர்க்காரின் வேலையல்லவா என்று சிலர் கேட்கலாம். நடுநிலைப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பு மாற்றுச் சான்றிதழோடு முடிகிறது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பு சேர்க்கையோடு தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் பிள்ளையும் அல்ல. சர்க்காரின் கணினிப் பதிவேட்டில்கூட, ஒரு பள்ளி விடுவித்து மற்றொரு பள்ளி சேர்த்துக்கொள்ளும் வரை அவன் பெயர் பொதுவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியில் நிற்க வேண்டியவர்கள் ஊரிலுள்ள படித்தவர்களே.

பொதுத் தொண்டில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். தேர்தல் காலத்தில் வீடு வீடாக வாக்காளர் பட்டியல் எடுத்துப் போகத் தெரிந்த நமக்கு, மே மாதத்தில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலை எடுத்துப் போவது கடினமாகாது. ஒரு கிராமத்தில் இருபது பேர், முப்பது பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தாம்; அவர்களைக் கூட்டினால் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தப் பள்ளி, எப்படிப் போவது, எந்தக் காகிதம் குறைகிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். அதே ஊரில் இப்போது பத்தாவது படிக்கும் பிள்ளை ஒருவரை ஒவ்வொரு புதிய பிள்ளைக்கும் துணையாக்குங்கள். பஸ் நேரம் பொருந்தவில்லை என்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டுப் பணிமனைக்கு அனுப்புங்கள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதென்று தெரிந்தால் 1098 என்ற எண் இருக்கிறது. அதற்கு முன் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச நமக்கு வாயும் இருக்கிறது. ஜூன் மாதக் கடைசியில் மறுபடியும் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு போய், யார் பள்ளியில் இருக்கிறார், யார் இல்லை என்று பாருங்கள். இரண்டாவது முறை போவதுதான் முக்கியம்.

உரிமையை 18 வயது வரை நீட்டிக்கச் சட்டம் வேண்டும்; சீருடையும் சைக்கிளும் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர வேண்டும். இவற்றைச் சர்க்காரிடம் கேட்பதை நாம் நிறுத்தப்போவதில்லை. ஆனால் சட்டம் வரும் வரையில் இந்த வருஷத்துப் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அடுத்த ஜூனில் அவர்களுக்குப் பதினைந்து வயதாகிவிடும்.