மண்ணுக்குள் இருக்கும் செம்பும் மனிதர் போடும் கணக்கும்

மத்தூர், பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிகளைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கல் கண்ணுக்குத் தெரியும் பொருள். செம்பு அப்படியல்ல. "செம்புச் சுரங்கத்தில் பங்கு" என்று ஒருவர் பணம் கேட்டு வந்தால், அவர் காட்டும் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று தெரிந்துகொண்டு பேசுவோம்.

உலகச் செம்பில் பெரும்பகுதி 'போர்பிரி' படிவுகளிலிருந்து வருகிறது. கடலடித் தட்டு, கண்டத்தின் அடியில் செருகும் இடங்களில் பாறைக்குழம்பு மேலெழுந்து, சில கிலோமீட்டர் ஆழத்தில் ஆறுகிறது. அதிலிருந்து பிரியும் கொதிநீர் பாறையை நொறுக்கி, விரிசல்களில் தாதுவைப் படியவைக்கிறது. சிலியின் எஸ்கொண்டிடா இவ்வகைதான். ஒரு டன் பாறையில் ஐந்து கிலோ செம்பு இருந்தாலே லாபம் பார்க்கிறார்கள்! நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் சுரங்கத்தை இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் நடத்துகிறது. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான அந்தப் படிவு போர்பிரிதானா என்பதில் நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இக்திலாஃப் ஃபிக்ஹுக்கு மட்டும் சொந்தமல்ல.

கணக்கு இப்படித்தான்: இடைவெளி விட்டுத் துளையிட்டு, பாறைத் தண்டுகளை எடுத்துச் சோதிக்கிறார்கள். இரு துளைகளுக்கு நடுவில் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அருகிலுள்ள துளைகளை வைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பிடுகிறார்கள். துளைகள் நெருங்க நெருங்க நம்பிக்கை கூடும். அதனால்தான் ஊகித்த வளம், சுட்டப்பட்ட வளம், அளந்த வளம் என மூன்று தரம். மதரஸாவில் ஓதியவர்களுக்கு 'ளன்னு', 'யகீன்' நினைவுக்கு வரும்.

மாதிரியே பொய்யானால்? இந்தோனேசியாவின் புசாங்கில் பெரும் தங்கவளம் இருப்பதாகக் கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. மாதிரிகளில் தங்கத்தூள் கலந்திருந்தது 1997-ல் அம்பலமானது. பங்கு வாங்கியவர்கள் கோடிக்கணக்கில் இழந்தார்கள். அதன்பின் கனடா, தகுதிபெற்ற நிபுணர் பொறுப்பேற்காமல் வள அறிக்கை வெளியிடக் கூடாது என்று விதித்தது.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் கண்ட செய்தி நமக்குத் தெரியும். ஈரமானதை மேலே வைத்திருக்கலாமே என்பதே அவர்கள் கேட்டது. நிச்சயமின்மை எல்லா வணிகத்திலும் சிறிதளவு உண்டு. அதை ஃபுகஹாக்கள் பொறுத்திருக்கிறார்கள். ஊகித்த வளத்தை அளந்த வளமாகக் காட்டி விற்பது அந்தச் சிறிதளவில் சேராது. எனவே பங்கு விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை துளைகள், எந்தத் தரம், கையெழுத்திட்ட நிபுணர் யார்?