கோடையில் முனகும் கட்டில்

ஐப்பசியில் மழை தொடங்கி, மார்கழியில் இரணைமடுக் குளம் வான் பாயும்வரை சத்தமில்லாமல் கிடக்கிற கட்டில், வைகாசியில் சோளகம் எழும்பியதும் புரளுகிற ஒவ்வொரு தடவையும் கிறீச்சிடத் தொடங்கும். கிளிநொச்சியில் பல வீடுகளில் இது வருசா வருசம் நடக்கிறது. "மரம் பழசாப் போச்சுது" என்று சொல்லிப் புதுக் கட்டிலுக்கு விலை விசாரிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். மரத்தில் பழுதில்லை, மூலைப் பொருத்துகள் இளகியிருக்கின்றன, அவ்வளவுதான்.

கட்டில் காலில் ஒரு துளை வெட்டி, சட்டத்தின் முனையை நாக்குப் போலச் சீவி அதற்குள் இறுக்குவதுதான் ஓடாவிகள் காலங்காலமாகச் செய்துவரும் பொருத்து. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. நார் ஓடும் திசையில் அதன் நீளம் கிட்டத்தட்ட மாறாது. நாருக்குக் குறுக்கேதான் சுருங்கும். காலில் நார் மேலிருந்து கீழே ஓடுகிறது, ஆகவே துளையின் உயரம் கோடையிலும் அப்படியே நிற்கிறது. சட்டத்தில் நார் படுக்கையாக ஓடுவதால், நாக்கின் உயரம் குறைகிறது. காற்றின் ஈரப்பதன் 85 வீதமாக நீடித்தால் மரத்தில் ஏறத்தாழ 18 வீத ஈரம் நிற்கும். 65 வீதத்துக்கு இறங்கினால் அது 12 ஆகும். அந்த ஆறு வீதம் போனாலே நாலு அங்குல நாக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர் வரை சுருங்கக்கூடும். கட்டில் ஆட அது போதும்.

பச்சை மரத்தில் அவசரமாகச் செய்த கட்டிலின் பாடு இன்னும் மோசம். ஈரம் சுமார் 30 வீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மரம் சுருங்கவே தொடங்கும். ஓடாவியின் பட்டறையில் இறுக்கமாக இருந்த பொருத்து, நம் வீட்டு அறைக்குள் வந்துதான் முழுச் சுருக்கத்தையும் காண்கிறது. பாலை, முதிரை போன்ற வன்னிக் காட்டு மரங்கள் இரும்பு மாதிரி உறுதியானவை. ஆனாலும் காயாமல் அறுத்துப் பூட்டினால் அவையும் இளகத்தான் செய்யும்.

ஆடுவது சரி, சத்தம் எங்கிருந்து வருகிறது? ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டு நிற்கும் இரண்டு மரப்பரப்புகள் சீராக வழுக்குவதில்லை. ஒட்டிப் பிடிக்கும், விசை கூடியதும் சட்டென்று விடும், மறுபடி பிடிக்கும். நொடிக்குப் பலநூறு தடவை இப்படி நடக்கும்போது சட்டம் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. வயலின் தந்தியில் வில் இசை எழுப்புவதும் இதே முறையில்தான். பிரெஞ்சுப் பொறியியலாளர் சார்ள்ஸ் கூலோம் ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் தளத்தில் மரத்தை மரத்தோடு உரசிப் பார்த்து எழுதிய ஆய்வுக்கு 1781 இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு கிடைத்தது. மரப்பரப்புகள் அசையாமல் எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருக்கின்றனவோ, அவ்வளவுக்குப் பிடிப்புக் கூடுகிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. நல்ல நித்திரையில் கனநேரம் கிடந்துவிட்டுப் புரளும்போது முதல் சத்தம் பெரிதாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

திருத்த முதல் எந்த இடம் என்று பிடிக்க வேண்டும். மெத்தையை இறக்கிவிட்டு ஒருவர் கட்டிலை ஆட்ட, மற்றவர் மூலை மூலையாகப் பொருத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். காது ஏமாற்றும், சத்தம் சட்டம் வழியாக ஓடி வேறு மூலையில் கேட்கும். கை ஏமாறாது, உரசும் இடத்தில் மட்டும் சின்ன நடுக்கம் தெரியும். நாலு காலும் தரையில் படுகின்றனவா என்பதையும் பாருங்கள். ஒரு கால் எழும்பி நின்றால் முழுக் கட்டிலும் முறுகும். அதற்கு ஒரு பலகைத் துண்டே மருந்து.

நட்டும் போல்ட்டும் போட்ட கட்டிலென்றால் இறுக்கினால் முடிந்தது. ஆனால் மாரியில் இறுக்காதீர்கள். ஊதிய மரத்தை நெரித்தால் நார்கள் நசுங்கிப்போகும், அடுத்த கோடையில் முந்தியதைவிட ஆட்டம் கூடும். ஆடியில், அகலமான வாசர் போட்டு, பிடித்து நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

நாக்குப் பொருத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். துணி சுற்றிய சுத்தியலால் தட்டிப் பிரித்து, பழைய பசையை உளியால் சுரண்டுங்கள். மரப்பசை இடைவெளியை நிரப்பாது, தொட்டுக்கொள்ளும் மரத்தைத்தான் ஒட்டும். ஆகவே நாக்கின் இரு பக்கமும் மெல்லிய மரச்சீவலை ஒட்டி, கையால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்குத் தடிப்பாக்குங்கள். பிறகு பசை பூசிப் பூட்டி, கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, இடையில் ஒரு தடி கொடுத்து முறுக்கி ஒரு நாள் விடுங்கள். எந்த இறுக்கியும் வாங்கத் தேவையில்லை.

ஆணி அடிக்கும் வழக்கத்தை மட்டும் நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று இரவு சத்தம் நிற்கும், உண்மைதான். மரம் ஊதிச் சுருங்க ஆணி ஊதாது, சுருங்காது. துளை பெருத்து அந்த ஆணியே உரசத் தொடங்கும். முதிரையில் சட்டம் வெடிக்கவும் கூடும். இறுதிப் போரின்போது வீட்டையும் தளபாடங்களையும் விட்டுப் போன சனம் திரும்பி வந்து, ஒவ்வொன்றாகச் சேர்த்த பொருட்களில் கட்டிலும் ஒன்று. அதை ஆணியால் கெடுக்கக் கூடாது.

மெத்தையைத் தாங்கும் குறுக்குப் பலகைகள் உரசினால் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி அடியில் வையுங்கள், அல்லது மெழுகுதிரியைத் தேயுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது ஊறிய இடத்தில் பிறகு பசை பிடிக்காது. மெழுகும் அப்படித்தான், ஒட்டப்போகும் நாக்கில் அதைத் தேய்க்காதீர்கள். காலின் துளையோரம் நீளமாக வெடித்திருந்தால் வீட்டு வேலையோடு நிறுத்திக்கொண்டு ஓடாவியைக் கூப்பிடுங்கள்.