வறுவலுக்கேற்ற உருளைக்கிழங்கு: இரகமும் சேமிப்பும்

உருளைக்கிழங்கு வறுவல் இன்று சிற்றூர்க் கடைகளிலும் விற்பனையாகும் பண்டமாகிவிட்டது. இதனைச் செய்து விற்போர் பலருக்கும் ஓர் ஐயம் எழுவதுண்டு. எண்ணெய் ஒன்றே, அடுப்பு ஒன்றே, வறுக்கும் கையும் ஒன்றே; அவ்வாறிருந்தும் ஒரு மூட்டைக் கிழங்கு பொன்னிறமாகப் பொரிகிறது, அடுத்த மூட்டையோ கருகிக் கசக்கிறது. பழி பெரும்பாலும் வறுப்பவர்மீது விழுகின்றது. உண்மையில், வறுவலின் நிறமும் சுவையும் நலமும் கிழங்கு சட்டியை அடையுமுன்பே வயலிலும் கிடங்கிலும் பெரிதும் முடிவாகிவிடுகின்றன. நூல் சரியில்லாவிடில் தறியைக் குறை கூறிப் பயனில்லை என்பதை நெசவாள அங்கத்தினர்கள் நன்கறிவர். வறுவலின் நிலையும் அத்தகையதே.

வறுவலுக்கான கிழங்கில் இரண்டு குணங்கள் இன்றியமையாதவை. முதலாவது, நீர் குறைந்து திடப்பொருள் மிகுந்திருத்தல். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் திடப்பொருள் உள்ள கிழங்கே வறுவலுக்கு ஏற்றது. நீர் மிகுந்த கிழங்கில், நீர் வெளியேறிய இடத்தில் எண்ணெய் மிகுதியாகப் புகும். செலவு கூடும், வறுவலும் விரைவில் நமத்துப்போகும். இரண்டாவது, குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆகிய சர்க்கரைகள் குறைந்திருத்தல். இவையே வறுக்கும்பொழுது கிழங்கைப் பழுப்பாக்குகின்றன.

பழுப்பு நிறம் கண்ணுக்கு மட்டும் குறையன்று. 1997ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் மலைச் சுரங்கப்பாதை அமைக்குமிடத்தில் அக்ரிலமைடு என்னும் வேதிப்பொருள் நீரிற் கலந்து, கால்நடைகள் பாதிக்கப்பட்டன. அங்குப் பணியாற்றிய தொழிலாளரை ஆராய்ந்தபொழுது, அப்பொருளின் அருகே சென்றிராத மக்களின் குருதியிலும் அதன் தடயம் காணப்பட்டது. இது எவ்வாறு வந்தது என்று தேடிய அறிஞர்கள், மாவுப்பொருள் மிகுந்த உணவுகளை உயர் வெப்பத்தில் வறுக்கும்பொழுதும் சுடும்பொழுதும் அக்ரிலமைடு உண்டாகிறது என்பதை 2002ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உலகுக்கு அறிவித்தனர். கிழங்கில் இயற்கையாகவே உள்ள அஸ்பராஜின் என்னும் பொருளும் மேற்கூறிய சர்க்கரைகளும் 120 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் கூடும்பொழுது இது விளைகிறது. விலங்குகளிடத்து இது புற்றுநோய் விளைவிப்பது ஆய்வுகளில் தெளிவாயிற்று. மனிதர்க்கும் விளைவிக்கக்கூடும் என 1994ஆம் ஆண்டிலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரல் முதல், ஒரு கிலோ வறுவலில் 750 மைக்ரோகிராம் என்னும் அளவை உற்பத்தியாளர்க்கு அடையாள வரம்பாக வைத்துள்ளது.

இரகத்தைப் பற்றிய பாடம் ஒன்றை அமெரிக்க நாடு கற்றுத் தந்துள்ளது. 1967ஆம் ஆண்டில் லெனாப்பே என்னும் புதிய இரகம் அங்கு வெளியிடப்பட்டது. தென்னமெரிக்கக் காட்டு இனமொன்றின் கலப்பால் உருவான அக்கிழங்கு திடப்பொருள் மிகுந்தது. அழகிய பொன்னிற வறுவல் தந்தது. ஆயினும், சொலானின் முதலிய நச்சுப்பொருள்கள் அதில் அளவுக்கு மிஞ்சியிருந்தமை பின்னர் வெளிப்பட்டு, 1970ஆம் ஆண்டில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. நூறு கிராம் கிழங்கில் இந்நச்சு 20 மில்லிகிராமைக் கடக்கலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. சமைப்பதாலோ வறுப்பதாலோ அது பெரிதும் அழிவதில்லை. வெயிலும் வெளிச்சமும் பட்டுப் பச்சை பாய்ந்த கிழங்கிலும், காயமுற்ற கிழங்கிலும், முளையிலும் அது பெருகும். ஆகவே பச்சைக் கிழங்கைக் கழித்தல் சிக்கனக் குறைவன்று. உண்பவர்க்கு நாம் செய்யும் கடமை.

நம் நாட்டில் 1949ஆம் ஆண்டில் பாட்னாவில் தோன்றி, 1956இல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், வறுவலுக்கென்றே குஃப்ரி சிப்சோனா-1, குஃப்ரி சிப்சோனா-2 ஆகிய இரகங்களை 1998ஆம் ஆண்டில் வெளியிட்டது. நீலகிரி உழவர் நன்கறிந்த குஃப்ரி ஜோதி 1968இல் வெளிவந்தது. அது குழம்புக்கும் பொரியலுக்கும் உகந்த பொது இரகம்.

நல்ல இரகமாயினும், தவறான சேமிப்பு அதனைக் கெடுத்துவிடும். விதைக்கிழங்கை 2 முதல் 4 டிகிரி வரை குளிர்ந்த கிடங்கில் வைப்பது முறை. அதே குளிரில் வறுவற்கிழங்கை வைத்தால், அதிலுள்ள மாவு சர்க்கரையாக மாறுகிறது. குளிர்ப்பெட்டியில் வைத்த கிழங்கு இனிப்பதற்கும் இதுவே காரணம். எனவே வறுவற்கிழங்கை 10 முதல் 12 டிகிரியில், காற்றோட்டமும் ஈரப்பதமும் உள்ள இருட்டறையில் வைத்தல் வேண்டும். அவ்வெப்பத்தில் முளை கிளம்புமாதலின், பல கிடங்குகளில் முளைதடுப்பு மருந்து பயன்படுத்துவர். அம்மருந்து பட்ட கிழங்கு விதைக்கு உதவாது. ஆதலின் இரண்டையும் ஒரே அறையில் வைத்தல் ஆகாது. இவ்வகையில் பெருவழக்கிலிருந்த குளோர்புரோஃபாம் என்னும் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது என்பதும் கருதத்தக்கது. குளிரில் இனித்துவிட்ட கிழங்கை 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். முற்றிலும் நீங்கும் என்று நம்புதல் கூடாது.

பயிரிடும் அங்கத்தினர்கள் கிழங்கு நன்கு முற்றிய பின்னரே தோண்டுக. தோண்டுமுன் தழையை அறுத்துவிட்டு, தோல் இறுகும்வரை கிழங்கை மண்ணிலேயே விட்டுவைப்பது நலம். தோண்டிய கிழங்கை வெயிலிற் குவித்து வைத்தல் ஆகாது.

கொள்முதல் செய்யும் சங்கங்கள் பெருஞ்செலவின்றி இரு சோதனைகளைச் செய்யலாம். ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 125 கிராம் உப்பு என்னும் கணக்கில் கரைத்து, கழுவித் துடைத்த கிழங்குகளை அதில் இடுக. மூழ்குபவை திடப்பொருள் மிகுந்தவை. மிதப்பவை சமையலுக்கு விற்கத் தக்கவை. அடுத்து, ஒவ்வொரு வண்டியிலிருந்தும் சில கிழங்குகளை எடுத்துச் சீவி வறுத்துப் பார்க்க. நிறம் கறுத்தால் அக்கிழங்கு வறுவலுக்கு ஏற்றதன்று. வறுப்பவர்களும் சீவிய வில்லைகளை நீரில் அலசி, எண்ணெயை மிகையாகக் காயவிடாமல், பொன்னிறம் வந்தவுடன் எடுத்துவிடுதல் நன்று.

தனி உழவர் ஒருவர் இரகம் பிரித்து, தக்க வெப்பத்தில் கிடங்கு வைத்து, சோதனையும் செய்து விற்பது எளிதன்று. பலர் கூடினால் இது முடியும். சங்கம் இரகவாரியாகக் கிழங்கை வாங்கி, சோதனையில் தேறியதற்கு உயர்ந்த விலையை வெளிப்படையாக அறிவிக்குமாயின், நல்ல கிழங்கு விளைவித்தவர் தம் உழைப்பின் பயனைப் பெறுவார். வாங்கி உண்ணும் பிள்ளைகளின் உடல்நலமும் காக்கப்படும்.