குழுவில் தன்னை அறிதல்: நுண்ணுணர்வுப் பயிற்சி குறித்துச் சில எண்ணங்கள்

தன்னை அறிதல் என்னும் கருத்து தமிழுக்குப் புதியதன்று. சித்தர்களும் சூஃபியரும் அதனைத் தனிமையில் தேடினர். ஆனால் பத்துப் பன்னிருவர் வட்டமாக அமர்ந்து, பிறர் வாய்மொழி வழியே தம்மை அறிய முயல்வது இருபதாம் நூற்றாண்டு உளவியல் தந்த முறையாகும். சென்சிடிவிட்டி டிரெயினிங் எனப்படும் இதனைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்று உளவியல் பேராசிரிய நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். ‘உணர்ச்சிப் பயிற்சி’ என்றால் நாடக ஒத்திகை போல் ஒலிக்கிறது. ‘உணர்திறன்’ அளவுக் கருவிகளுக்கு உரிய சொல்லாகிவிட்டது. எனவே ‘நுண்ணுணர்வுப் பயிற்சி’ என்றோம். “சொல்லைத் தந்தவர் பொருளையும் காண வேண்டாமா?” என்று கூறி, கும்மிடிப்பூண்டிப் பகுதியில் உளவியல் மாணவர்க்கு நடந்த மூன்று நாள் பயிற்சிக்கு நம்மையும் அழைத்துச் சென்றார். அங்குக் கண்டதையும் பின்னர்ப் படித்தறிந்ததையும் ஈண்டு எடுத்துரைக்க முனைகிறோம்.

இம்முறை தோன்றிய வரலாறு சுவையானது. கர்ட் லெவின் (1890–1947) ஜெர்மனியில் பணியாற்றிய யூத உளவியலறிஞர். இட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் ஆண்டிலேயே நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவை அடைந்தவர். 1946-ஆம் ஆண்டு கோடையில், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில், இன வேற்றுமையால் விளையும் பகையைத் தணிப்பதற்கான பணியாளர்களைப் பயிற்றும் பட்டறை ஒன்றினை அவரும் துணைவர்களும் நடத்தினர். பகலில் குழு உரையாடல். மாலையில் பயிற்றுநரும் நோக்கர்களும் மட்டும் கூடி, இன்னார் இன்னவாறு நடந்துகொண்டார் எனக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பர். பங்கேற்றோர் சிலர், அக்கூட்டத்தில் தாமும் அமரலாமா என்று கேட்டனர், லெவின் இசைந்தார். தம்மைப் பற்றிய குறிப்பைக் கேட்ட பெண்மணி ஒருவர், தாம் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை என மறுத்தார். அம்மறுப்பினின்று எழுந்த உரையாடல், பகல் முழுவதும் நடந்த பாடங்களினும் பயன் மிக்கதாக அமைந்துவிட்டது! மறுநாள் முதல் மேலும் பலர் மாலைக் கூட்டத்தை நாடி வந்தனர். அடுத்த ஆண்டு மெய்ன் மாநிலத்துப் பெத்தல் என்னும் சிற்றூரில் இம்முறை ஒழுங்கான பயிற்சியாக உருப்பெற்றது. அதைக் காண லெவின் உயிரோடில்லை. 1947 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

பயிற்சியில் என்னதான் நடக்கிறது? பாடத்திட்டம் இல்லை, தலைவர் இல்லை, பேசுபொருளும் தரப்படுவதில்லை. பயிற்றுநர் சில சொற்களோடு அமைதியாகிவிடுவார். முதல் நாள் அந்த அமைதியை நம் மாணவர்கள் தாங்கவில்லை. “என்ன செய்யணும், சார்?” என்று மூன்று முறை கேட்டுப் பார்த்தனர். பின்னர் ஒருவன் எழுந்து எல்லாருக்கும் வேலை பகிர்ந்தளிக்கத் தொடங்கினான். வேறொருவன் நகைச்சுவை கூறினான். இருவர் தரையைப் பார்த்திருந்தனர். வெற்றிடம் வாய்த்தால் மனிதர் தத்தம் பழக்கத்தை அங்கு நிரப்புவர். அப்பழக்கமே பயிற்சிக்குரிய பாடம். பழங்கதை வேண்டா, இங்கு இப்போது நிகழ்வதைப் பேசுக என்பது முதல் விதி. ஆளை எடைபோடாமல் செயலைச் சொல்லுக என்பது அடுத்தது. ‘நீ கர்வம் பிடித்தவன்’ என்பது வசை. ‘நான் பேசுகையில் நீ கைப்பேசியைப் பார்த்தாய், எனக்குப் பேச்சு நின்றுவிட்டது’ என்பது பின்னூட்டம். அமைச்சரும் சான்றோரும் அரசனுக்குச் செய்யும் இடித்துரைத்தலை நம் இலக்கியம் போற்றுகிறது. இங்கோ ஒத்த நிலையினர் ஒருவர்க்கொருவர் செய்கின்றனர்.

இதனை விளக்க 1955-இல் ஜோசப் லுஃப்ட், ஹாரி இங்காம் என்னும் இருவர் ஒரு சாளரப் படம் வரைந்தனர். நானும் பிறரும் அறிந்தது, நான் மட்டும் அறிந்தது, பிறர் மட்டும் அறிந்தது, எவரும் அறியாதது என அதற்கு நான்கு கட்டங்கள். ‘ஜோஹரி சாளரம்’ என்றதும் உருது அறிந்த நம் பெரியவர் ஒருவர், அதனை மணிகளை மதிப்பிடும் ஜவ்ஹரியின் பெயரென்றே எண்ணினார். ஜோ, ஹாரி என்னும் இரு பெயர்களின் ஒட்டு அது. எனினும் பெரியவர் கொண்ட பொருளும் தவறன்று எனத் தோன்றுகிறது.

இந்தியாவில் உதய் பாரீக் (1925–2010) முதலியோரால் இத்துறை வேரூன்றியது. ரோல்ஃப் லிண்டனுடன் இணைந்து 1967-இல் அவர் எழுதிய பயிற்சி நூல் பலராலும் பயிலப்பட்டது. தொழில் நிறுவனங்களின் மனிதவள மேம்பாட்டுத் துறைக்கு இந்நாட்டில் வடிவம் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

நம் வட்டாரத்திற்கு இது தேவையா என்று கேட்போர் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பணிமுறை மாறும் வேளையில் நின்று பார்க்கட்டும். தமிழோடு தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் செவியில் விழும். திருவள்ளூர் மாவட்டத்து உளவியல் மாணவர் பலர், படிப்பு முடிந்தபின் இத்தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவிலேயே அமர்வர். ஒடிசாவிலிருந்து வந்த உருக்காலைத் தொழிலாளி தன் குறையைக் கூறும்போது, தன் முகம் என்ன காட்டுகிறது என்பதை அறியாதவர் அங்கு என்ன செய்துவிட முடியும்?

இரண்டாம் நாள் நமக்கே பாடம் கிடைத்தது. மீஞ்சூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் ‘வழி’ என்பதை ‘வயி’ என்றார். துறைப் பழக்கத்தால் ழகரத்தை இருமுறை திருத்தினோம். அவர் அதன்பின் வாய் திறக்கவில்லை. பிற்பகலில் வட்டத்தினர் தூண்டவே, “சார், நாங்க சொல்றத நீங்க கேக்குறதில்ல, எப்டி சொல்றோம்னுதான் கேக்குறீங்க” என்றார். சினம் வந்தது, மறைக்க முயன்றோம். “இப்ப கோபமா இருக்கீங்க” என்று இன்னொரு மாணவி உடனே சொன்னார். இருபது ஆண்டுக்கால வகுப்பறைகளில் இவ்வாறு எத்தனை பேரை வாயடைத்தோமோ என்ற எண்ணம் அன்றிரவு உறங்கவிடவில்லை.

இத்துடன் முடித்தால் அது அரை உண்மையாகும். அதே நாள் மாலை, பயிற்றுநர்களுள் ஒருவர் ஒரு மாணவியிடம் வீட்டுச் செய்திகளைத் துருவிக் கேட்டார். முதல் விதியை மீறியவர் அவரே. அப்பெண் அழுதாள், பயிற்றுநர் அதனை முன்னேற்றமாகவே கருதினார். மறுநாள் காலை அவளது இருக்கை காலியாக இருந்தது. மின்தொடர் தாமதம் போலும் என நாமும் எண்ணினோம். அவளுடன் பொன்னேரியில் ஏறும் தோழி மட்டும், “அவ வரமாட்டா” என்றாள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அழுகை வேறு, இளிவரல் வேறு. முதல் நாள் மாலை அம்முகத்தில் கண்டது இளிவரல் என்பதை, அதனை ஆண்டுதோறும் பாடம் சொல்லும் நாம் அறியத் தவறினோம்.

இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட மாணவர் பங்கேற்ற இத்தகைய குழுக்களை ஆராய்ந்து, லீபர்மன், யாலோம், மைல்ஸ் ஆகிய மூவர் 1973-இல் நூல் வெளியிட்டனர். பலர் நன்மை பெற்றிருந்தனர். ஆயினும் 16 பேருக்கு நிலைத்த மனத்துன்பம் விளைந்திருந்தது. அடித்துப் பேசி உணர்ச்சியைக் கிளறும் கவர்ச்சிமிகு தலைவர்களின் குழுக்களிலேயே தீங்கு மிகுந்திருந்தது. துன்புற்றவர் யார் என்பதைத் தலைவர்களினும் உடன் அமர்ந்தோரே சரியாகக் கண்டுகொண்டனர் என்ற முடிவைப் படித்தபோது, பொன்னேரித் தோழி நினைவுக்கு வந்தாள்.

நண்பரும் ஓர் ஆசிரியையும் அம்மாணவியின் இல்லம் சென்று பேசினர். ஒரு வாரத்தில் வகுப்பிற்கு வந்தாள்; வட்டத்திற்கு வரவில்லை. வற்புறுத்தவும் இல்லை. அடுத்த பயிற்சிக்கு நண்பர் சில நிபந்தனைகளை எழுதியுள்ளார். விருப்பமுள்ளோர் மட்டுமே சேர்வர், மதிப்பெண் கிடையாது. எந்நேரமும் எழுந்து செல்ல உரிமையுண்டு, காரணம் கேட்கலாகாது. பயிற்றுநர் முறையாகக் கற்றவர் என்பதற்குச் சான்று வேண்டும். ஆலோசகர் ஒருவர் மூன்று நாளும் வெளியறையில் இருப்பார். தமிழைத் திருத்துதல் கூடாது என்பதையும் இறுதியில் சேர்த்திருந்தார், கையொப்பமிட்டுக் கொடுத்துள்ளோம்.