உங்களுக்குத் தெரியுமா? வன்னிக் காட்டில் பாலைப்பழக் காலம்

வன்னியில் பெரிய மலைகள் கிடையாது, சமதரையில்தான் அடர்காடு. பாலை, முதிரை, கருங்காலி என எல்லாம் வைரம் பாய்ந்த மரங்கள். ஒக்டோபரில் தொடங்கும் மாரி ஓய்ந்து, கோடை வெக்கை ஏறிய பிறகே பாலை பழுக்கும். சின்னஞ்சிறு மஞ்சள் பழம், அப்படியொரு இனிப்பு! அதன் பால் உதட்டில் பிசினாய் ஒட்டும். சப்போட்டாவின் உறவு மரம் இது. இந்தியாவில் சப்போட்டா ஒட்டுக்கட்ட இதன் கன்றையே அடிமரமாக வைக்கிறார்கள்.

கரடிக்கும் இந்தப் பழம் உயிர். பழக்காலத்தில் காட்டுக்குள் தனியே இறங்காதீர்கள். முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் வீதியோரத்தில் வாங்கிச் சாப்பிடலாம். பாலை மிக மெதுவாக வளரும் மரம். பழத்துக்காகக் கொப்புகளை வெட்டிச் சாய்ப்பவர்களைத் தடுக்கத்தான் வேண்டும்.